என் கணவர் இருந்த கதிரை

என் கணவர் கதிரையின் நுனியில் இருந்தார். பனிச் சப்பாத்துகளைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார். கம்பளித் தொப்பி மடியில் கிடந்தது. காற்சட்டை முழங்கால்வரை நனைந்து ஒட்டியிருந்தது.

அவருக்கு முன்னால் என் முதலாளி கவெத்தி நின்றார். எழுபது தாண்டிய நெடிய மனிதர். காதில் பென்சில். என் கணவரின் முழங்கால்களையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே சென்ற் கிளேயர் வீதியில் தண்டவாளத்தில் ஸ்ரீற்கார் மணியடித்துக்கொண்டு போனது. கீழே கோப்பிக்கடையிலிருந்து வறுத்த கொட்டையின் மணம் வந்தது. அறை மூலையில் வரைபடம் நகலெடுக்கும் மெஷினிலிருந்து அமோனியா நெடி வந்தது. இரண்டும் கலந்த அந்த மணத்தை அதற்குப் பிறகு நான் வேறெங்கும் முகர்ந்ததில்லை.

“நன்றாகப் பின்னால் சாய்ந்து இருங்கள்” என்றார் கவெத்தி.

“ஓக்கே, சேர்” என்றார் என் கணவர். ஓர் அங்குலமும் அசையவில்லை.

கவெத்தி அவரைச் சுற்றி ஒருமுறை நடந்தார். அந்த வயதில் தரையில் முழங்காலூன்றிக் கதிரையின் முன்விளிம்பைக் குனிந்து பார்த்தார். பிறகு மேசையைப் பிடித்து எழும்பி என் பக்கம் திரும்பினார்.

“சிஞ்ஞோரா, நாற்பது வருடமாக இந்தக் கதிரையில் இருந்தவர்கள் எல்லோரும் எனக்குப் பொய் சொன்னார்கள். உங்கள் கணவர் ஒருவர்தான் உண்மை சொல்கிறார்.”

என் கணவர் அதுவரைக்கும் சொன்னதெல்லாம் ‘ஓக்கே, சேர்’ மட்டும்தான்.

எனக்கு வயிறு எரியத் தொடங்கிய நாள் அதுதான். கணவன்மேல் பொறாமைப்படாத பெண்கள் இந்தக் கிழமை என் பத்தியைத் தாண்டி அடுத்த பக்கத்துச் சமையல் குறிப்புக்குப் போகலாம்.

வளைவு போட்ட சோறு

நாங்கள் 83 ஆடிக் கலவரத்துக்குப் பிறகு வந்தவர்கள். ரொறன்ரோவில் சென் ஜேம்ஸ் ரவுணின் பதினேழாம் மாடியில் எங்கள் குடித்தனம் எப்படித் தொடங்கியது என்று போன கிழமை எழுதியிருந்தேன். அந்த மாடியிலிருந்துதான் வேலை தேடி இறங்கினேன்.

நான் கொழும்பில் கட்டடக்கலை படித்தவள். அரசாங்கக் கட்டடத் திணைக்களத்தில் வேலை பார்த்தவள். திருகோணமலையில் நான் வரைந்த ஒரு மருந்தகம் எழும்பி நின்றது. ரொறன்ரோவில் அதைப் பற்றிக் கேட்க ஒருவருக்கும் நேரமில்லை. ‘கனடா அனுபவம் உண்டா?’ என்று கேட்டார்கள். இல்லையென்றேன். போய்வா என்றார்கள்.

கவெத்தி ஒருவர்தான் அதைக் கேட்கவில்லை. ஒரு பேப்பரைத் தந்து ‘ஒரு படிக்கட்டு வரை’ என்றார். வரைந்தேன். ‘திங்கட்கிழமை வா’ என்றார். நாங்கள் பேசியது ஆங்கிலத்தில். அவருடையது இத்தாலிய வாசனை அடிக்கும் ஆங்கிலம், என்னுடையது கொன்வென்ற் ஆங்கிலம். அவருக்கு நான் கடைசிவரை ‘சிஞ்ஞோரா’தான், அதாவது அம்மணி. மங்களா என்ற என் பெயர் அவர் வாயில் நுழைந்ததேயில்லை.

ரினால்தோ கவெத்தி என்றால் ஒரு காலத்தில் மிலான் நகரத்தில் கதவு திறக்குமாம். கட்டடமும் கட்டினார், கதிரையும் செய்தார். நான் போன காலத்தில் அவருடைய கதவைத் திறந்து வந்தவர்கள் வூட்பிரிட்ஜ் பக்கத்தில் சீமெந்து வியாபாரத்தில் பணம் பார்த்த இத்தாலியர்கள். அவர்களுக்கு வேண்டியது வளைவு. வாசலில் வளைவு, வரவேற்பறையில் வளைவு, கார்க் கராஜுக்கும் வளைவு.

கவெத்திக்கு வளைவைக் கண்ணில் காட்டக் கூடாது. ஆனால் வளைவுதான் அவருக்கும் எனக்கும் சோறு போட்டது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு சம்மதிப்பார், நான் வரைவேன். ஒரு கலியாண மண்டபத்துக்கு வளைவு வரைந்து முடித்த அன்று, ‘இதில் என் பெயரைச் சின்னதாகப் போடு’ என்றார்.

பெயர் போடுவதைப் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன். வரைபடத் தாளின் வலதுபக்க மூலையில் சின்னச் சின்னப் பெட்டிகள் இருக்கும். ஒன்றில் வடிவமைத்தவரின் பெயர். அதற்குக் கீழே வரைந்தவரின் பெயர். அந்த அறையில் மேல்பெட்டி எப்போதும் கவெத்திக்கு, கீழ்ப்பெட்டி எப்போதும் எனக்கு. இரண்டுக்கும் நடுவில் ஒரு மெல்லிய கோடு. அந்தக் கோட்டைத் தாண்டி மேலே போக வேண்டும் என்பதுதான் அந்த நாட்களில் எனக்கிருந்த ஒரே ஆசை. வீடு வாங்கும் ஆசைகூட அதற்குப் பிறகுதான்.

நேல்லா

அவருடைய கதிரைகளுக்கெல்லாம் மனிதர்களின் பெயர். முதன்முதலில் இருந்து பார்த்து, உள்ளதைச் சொன்னதாக அவர் நம்பியவர் யாரோ அவருடைய பெயரைக் கதிரைக்கு வைப்பார். ஒன்றுக்கு வாடகை வீட்டுக்காரியின் பெயர். இன்னொன்றுக்கு ஒரு பல்வைத்தியரின் பெயர். எல்லாவற்றுக்கும் மூத்தது அவருடைய தங்கையின் பெயரில் வந்த நேல்லா. வளைத்த ஒட்டுப்பலகையில் உடம்பு, கயிற்றுப் பின்னலில் இருக்கை. என் கணவர் நுனியில் இருந்தது அந்த நேல்லாவில்தான்.

நகரத்தில் ஒரு கலைக்கூடம் அவருடைய வாழ்நாள் வேலைகளைக் கண்காட்சியாக வைக்கக் கேட்டிருந்தது. இத்தாலியிலிருந்து ஒரு தளபாடக் கம்பெனி ஆளும் வருவதாக இருந்தது. நேல்லாவைத் திருத்தி ஒரு புதிய கதிரையாகக் காட்டினால் அதை எடுத்துச் செய்வார்களாம். கவெத்திக்கு இருபது வயது குறைந்துவிட்டது. வளைவு கேட்டு வந்தவர்களுக்குப் போனில் ‘நான் ஊரில் இல்லை’ என்று அவரே சொன்னார்.

நேல்லாவை முழு அளவில் வரையும் வேலை எனக்கு வந்தது. நான் முதலில் அதில் இருந்து பார்த்தேன். ஐந்தடி உயரம் எனக்கு. முன்விளிம்பு தொடையின் அடியில் வெட்டியது. முதுகைச் சாய்த்தால் பாதம் தரையை விட்டு எழும்பியது. கவெத்தி தன்னுடைய நெடுங்காலுக்கு அளவெடுத்துச் செய்த கதிரை அது.

“முன்விளிம்பைத் தாழ்த்த வேண்டும். ஆழத்தையும் குறைக்க வேண்டும்” என்றேன்.

“சிஞ்ஞோரா, கதிரை வாயால் செய்வதில்லை” என்றார். அவ்வளவுதான்.

அதற்கடுத்த சனிக்கிழமைதான் என் கணவர் என்னைக் கூட்டிப்போகப் பனியில் நனைந்துகொண்டு வந்து நுனியில் இருந்தார்.

“பார்த்தீர்களா, முன்விளிம்பு இவரை வெட்டுகிறது” என்று கவெத்தி எனக்குப் பாடம் எடுத்தார். “ஆழமும் கூட. இவரால் சாய முடியவில்லை. வாயைத் திறக்காமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்!”

நான் வாயைத் திறந்து சொன்னேன். அது கேட்கவில்லை. இவர் வாயை மூடிக்கொண்டு இருந்தார். அது கேட்டுவிட்டது.

ஸ்ரீற்காரில் ஒரு விசாரணை

என் கணவர் தவராசா ஊரில் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்கக் கந்தோரில், கிளாக்கர். இங்கே ஸ்காபரோவில் கோதுமை மாவில் பாண் சுடும் தொழிற்சாலையில் வேலை. அவர் உடுப்பிலிருந்து எப்போதும் புதுப்பாண் வாசம் வரும். கதிரைக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சாப்பிடும்போது கதிரை வேண்டும் என்று அவர் கேட்டதில்லை, இல்லையென்று குறைப்பட்டதுமில்லை.

அன்றைக்குத் திரும்பிப் போகும்போது ஸ்ரீற்காரில் கேட்டேன்.

“ஏன் அப்பிடி நுனியிலை இருந்தனீங்கள்?”

“பின்னை? பெரிய மனுசன் நிக்கேக்கை நான் சாய்ஞ்சு இருக்கேலுமோ? கச்சேரியிலை ஏஜென்ற் ஐயா நிண்டால் நாங்கள் இருக்கவே மாட்டம். உந்தாள் இரு இருவெண்டு கரைச்சல் படுத்திச்சுது, சும்மா தொட்டுக்கொண்டு இருந்தன்.”

“விளிம்பு வெட்டினதோ?”

“எந்த விளிம்பு?”

“கதிரை சுகமாய் இருந்ததோ, இல்லையோ?”

“எனக்கென்னெண்டு தெரியும்? முழுப் பாரமும் காலிலையெல்லோ நிண்டது. காற்சட்டையும் ஈரம். அவரின்ரை கயிறு நனைஞ்சால் என்ன செய்யிறது?”

திங்கட்கிழமை போனதும் கவெத்தியிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். எங்கள் ஊரில் மூத்தவர் நிற்கும்போது இளையவர் சாய்ந்து இருக்க மாட்டார், அது மரியாதை, கதிரையில் பிழை பிடித்ததல்ல என்றேன். அவர் கண்ணைச் சிமிட்டிச் சிரித்தார்.

“மரியாதை தலைக்குத்தான் தெரியும், சிஞ்ஞோரா. தொடைக்குத் தெரியாது. சனிக்கிழமை அவரை மறுபடி கூட்டி வாருங்கள்.”

சனிக்கிழமை விருந்தாளி

அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் தவராசா வந்தார். கீழே கடையிலிருந்து அவருக்கென்று கோப்பி மேலே வரும். சீனி மூன்று கரண்டி என்று கடைக்காரனுக்கே மனப்பாடம். எனக்குக் கோப்பி வேண்டுமென்றால் நான்தான் இறங்கிப் போக வேண்டும்.

கவெத்தி மட்டையில் விளிம்பு வெட்டி ஒட்டுவார். தவராசா நுனியில் இருப்பார். கவெத்தி இன்னும் கொஞ்சம் தாழ்த்துவார். தவராசா நுனியிலேயே இருப்பார். நான் மறுபக்கம் மேசையில் குனிந்துகொண்டு, நான் சொன்ன திருத்தத்தை, என் கணவர் கண்டுபிடித்த திருத்தமாக வரைந்துகொண்டிருப்பேன்.

இதற்கு ஒரு முடிவு கட்ட நினைத்து வீட்டில் ஒருநாள் சொன்னேன்.

“இஞ்சேருங்கோ, இந்தச் சனிக்கிழமை ஒருக்கா வடிவாய்ச் சாய்ஞ்சு இருங்கோ. அதோடை அந்தாள் உங்களை விட்டிடும்.”

“அது மரியாதையில்லையெல்லே?”

“மரியாதையை நான் பாத்துக்கொள்ளுறன். நீங்கள் சாயுங்கோ.”

பாவம், சொன்னபடி செய்தார். போனதும் போகாததுமாக முதுகை முழுக்கச் சாய்த்து, கையையும் விரித்து வைத்து இருந்தார். கவெத்தி கையிலிருந்த மட்டையைக் கீழே வைத்தார். அவருடைய கண் கலங்கிவிட்டது.

“சாய்ந்துவிட்டார்” என்றார். “சிஞ்ஞோரா, ஆழம் சரியாகிவிட்டது! கடைசியில் சாய்ந்துவிட்டார்!”

ஓடிப்போய் அலுமாரியிலிருந்து ஒரு போத்தலை எடுத்தார். இரண்டு சின்னக் கிளாஸ். ஒன்று அவருக்கு, மற்றது தவராசாவுக்கு. எனக்கு வந்தது, அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்த ஒரு சிரிப்பு. நான் வெட்டிய குழியில் நானே விழுந்து எழும்பி, மறுபடியும் மேசைக்குப் போனேன்.

கேள்விச்செவியில் ஒரு வாழ்க்கை

அதற்குமேலும் ஒன்று நடந்தது. கவெத்தி தன் வாழ்க்கையைத் தவராசாவுக்குச் சொல்லத் தொடங்கினார். ஒரு வருடத்துக்கு மேலாக நான் அந்த அறையில் இருந்தேன். எனக்கு ஒரு வார்த்தை சொன்னதில்லை. மிலானில் என்ன கட்டினீர்கள் என்று நான் கேட்டால், ‘அது பழசு’ என்பார். அவர்கள் கதைக்கும் நேரம் நான் மூலையில் நகல் மெஷினைப் போட்டால் அது போடும் இரைச்சலில் ஒன்றும் கேட்காது. என் முதலாளியின் வரலாற்றை, ஒரு கட்டடக்கலைக்காரியான நான், பாண் தொழிற்சாலைக்காரரிடம் ஸ்ரீற்காரில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதாயிற்று.

“உலகச் சண்டை முடிஞ்ச கையோடை மிலானிலை பாதி வீடு இல்லையாம். சனம் ஒற்றை அறையளுக்கை இருந்ததாம். அப்பதான் பாரமில்லாத கதிரை செய்தவராம். பகலிலை இருக்க, இரவிலை சுவரிலை கொழுவ.”

“பிறகு?”

“பிறகு ஒரு கப்பலுக்கை சாப்பாட்டு மண்டபம் செய்தவராம். கப்பல் ஆடேக்கை கதிரை ஓடாமல் நிலத்தோடை பூட்டினதாம். ஒரு படம் பாக்கிற தியேட்டரும் கட்டினவராம். மலைப்பக்கம் ஒரு பள்ளிக்கூடம்.”

“பள்ளிக்கூடத்துக்குக் கூரை என்ன மாதிரி?”

“அதை நான் கேக்கேல்லை.”

கேட்கவில்லையாம்! எனக்கு அழுகை வந்தது. மலையில், பனி விழும் இடத்தில் ஒருவர் பள்ளிக்கூடம் கட்டியிருக்கிறார். அதற்குக் கூரை எப்படி என்று கேட்கத் தெரியாத ஆளுக்குத்தான் அந்தக் கதை கிடைக்கிறது. எனக்குக் கிடைத்திருந்தால் கூரையிலிருந்து அத்திவாரம்வரை கேட்டிருப்பேன்.

தவராசா இன்னொன்றும் சொன்னார். கவெத்திக்கு மிலானில் ஒரு பங்காளி இருந்தானாம். இரண்டு பேர் பெயரும் வாசலில் ஒரே பெயர்ப்பலகையில். பிளாஸ்ரிக் வந்தபோது கவெத்தி அதைத் தொட மாட்டேன் என்றார். பங்காளி தொட்டான், உலகப் புகழ் பெற்றான். கவெத்தி சண்டை பிடித்துக்கொண்டு, சீமெந்து வேலை செய்த சொந்தக்காரர் ஒருவர் கூப்பிட்ட குரலுக்கு ரொறன்ரோவுக்குக் கப்பலேறினார். இங்கே ஒரு கோபுரக் கட்டடத்தின் வாசல் மண்டபம் செய்தார். அதற்குப் பிறகு கலியாண மண்டபங்கள், செத்தவீட்டு மண்டபம், வளைவுகள்.

“அந்தப் பங்காளியின்ரை பேரை மட்டும் சொல்ல மாட்டாராம். உவன், உவன் எண்டுதான் கதைக்கிறார்.”

அதைக் கேட்ட பிறகு ஒன்று விளங்கியது. மாதம் ஒருமுறை இத்தாலியிலிருந்து கட்டடக்கலைச் சஞ்சிகை வரும். கவெத்தி உறையைக் கிழித்ததும் நின்றபடியே பக்கங்களைப் புரட்டுவார். எதையோ தேடுவார். சில மாதங்களில் ஒரு பக்கத்தில் நின்று, முகம் கடுத்து, சஞ்சிகையை ஜன்னலோரம் எறிந்துவிட்டுக் கீழே கோப்பிக்குப் போய்விடுவார். ஒருநாள் அப்படி எறிந்ததை எடுத்துப் பார்த்தேன். தலைநரைத்த ஒருவர் ஆரஞ்சு நிறப் பிளாஸ்ரிக் கதிரையில் கால்மேல் கால் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்.

எனக்குக் கவெத்தியை முதன்முதலாகப் பிடித்தது அன்றைக்குத்தான். இந்த ஆளுக்கும் என் நோய்தான் என்று நினைத்தேன். மறுபடி சனிக்கிழமை வந்ததும் பிடிக்காமல் போய்விட்டது.

மேல்பெட்டி

கதிரை உருவாகிக்கொண்டு வந்தது. முன்விளிம்பு தாழ்ந்தது. பின்கால்களை நான் கொஞ்சம் வெளியே சரித்து வரைந்தேன், இல்லையென்றால் சாயும்போது கதிரை பின்னால் கவிழும். கவெத்தி பார்த்தார், ‘ம்’ என்றார், ஏற்றுக்கொண்டார். அதை யார் நினைத்தது என்று கேட்கவில்லை.

மேல்பெட்டியில் என் பெயரையும் சேர்க்கச் சொல்லிக் கேட்டேன். முதல் தடவை காது கேளாதவர்போல் இருந்தார். அடுத்த தடவை, ‘என் பெயர் மேலே போக நான் எத்தனை வருடம் மற்றவனுக்கு வரைந்தேன் தெரியுமா?’ என்றார். இன்னொரு தடவை வாயெடுத்தபோது போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். போன் மணி அடித்திருக்கவில்லை.

கண்காட்சிக்குச் சில கிழமைகள் இருக்கும்போது கதிரைக்குப் பெயர் வைத்தார். தாவா. தவராசாவின் பெயர் அவர் வாயில் அப்படித்தான் வந்தது. என் பெயர் நுழையாத வாயில் இவருடைய பெயர் பாதியாவது நுழைந்துவிட்டது! படப்பிடிப்புக்காரன் ஒருவனைக் கூப்பிட்டு, தவராசாவை அந்தக் கதிரையில் இருத்திப் படமெடுத்தார்கள். கண்காட்சிப் புத்தகத்தில் அது முழுப்பக்கம். சாம்பல் நிறக் கோட், கழுத்துவரை பொத்தான், கச்சேரிச் சிரிப்பு.

நான் அந்தப் பக்கத்தை அங்கேயே மூடிவிட்டேன். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை. சோறு மட்டும் போட்டேன்.

“என்னப்பா, நான் என்ன செய்தனான்?” என்று கேட்டார்.

“ஒண்டும் செய்யேல்லை. அதுதான் எனக்கு விசர் வருது” என்றேன். “அந்தக் கதிரையை வரைஞ்சது நான். விளிம்பு நான் சொன்னது. கால் நான் சரிச்சது. மேலே பேர் போடச் சொல்லி வாய்விட்டுக் கேட்டும் அந்தாள் தரேல்லை. உங்களுக்குக் கேக்காமலே வருது.”

அவர் தன் பீங்கானைக் கழுவி வைத்தார். அடுத்த சனிக்கிழமை வழக்கம்போல வந்தார், கோப்பி குடித்தார், கவெத்தியோடு ஜன்னலடியில் நின்று ஏதோ கதைத்தார், போனார்.

பிளேட்

திங்கட்கிழமை காலை என் மேசையில் தாவாவின் வரைபடம் விரித்துக் கிடந்தது. மேல்பெட்டியில் கவெத்தியின் பெயர். அதன் பக்கத்தில், அவருடைய கையால், மையில், என் பெயர். ஓரெழுத்தும் பிழையில்லாமல்.

கொஞ்ச நேரம் நான் இருக்கவேயில்லை. நின்றபடியே அதைப் பார்த்தேன். கோட்டுக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரிடம் போனேன்.

“நன்றி, கவெத்தி. பின்கால்களைக் கவனித்தீர்களா?”

“பின்கால்களா?” என்றார். “இல்லையில்லை. தாவா கேட்டார். ‘என் பெயர் கதிரைக்கு வேண்டாம், மனைவியின் பெயரை மேலே போடுங்கள்’ என்று சனிக்கிழமை கேட்டார். கதிரையின் பெயரை மாற்ற மாட்டேன் என்றேன். மற்றதைச் செய்தேன். தாவா கேட்டு நான் எப்படி இல்லையென்பது?”

நான் வாய்விட்டுக் கேட்டுக் கிடைக்காதது, இவர் ஒரு கோப்பி குடிக்கிற நேரத்தில் கிடைத்திருக்கிறது. என் பெயரும் எனக்கு இவருடைய சலுகையில் வந்திருக்கிறது.

மேசைக்குத் திரும்பினேன். மையில் பிழை விட்டால் நாங்கள் சவர பிளேட்டால்தான் சுரண்டுவோம். பிளேட்டை எடுத்தேன். கவெத்தி பார்த்துக்கொண்டு நிற்க, மேல்பெட்டியிலிருந்து என் பெயரைச் சுரண்டத் தொடங்கினேன். மெல்லிய தூளாக மை எழும்பியது. ஊதிவிட்டேன்.

“என்ன செய்கிறீர்கள்?”

“தாவா கேட்டால் தாவாவின் பெயரைப் போடுங்கள். என் பெயரை நான் கேட்டுத்தான் போட வேண்டும்.”

“பைத்தியமா? கிடைத்ததை யாராவது சுரண்டுவார்களா?”

“உங்களுடைய மிலான் பலகையில் உங்கள் பெயரை உவன் சலுகையாக விட்டுவைத்திருந்தால் நீங்கள் அங்கே இருந்திருப்பீர்களா?”

சொல்லிவிட்டேன். வேலை போய்விட்டது என்றுதான் நினைத்தேன். கைப்பையை எங்கே வைத்தேன் என்று கண் தேடியது. கவெத்தியின் முகம் சிவந்து, பிறகு வெளிறியது. ஜன்னலடிக்குப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். கீழே ஸ்ரீற்கார் ஒன்று வந்து, ஆட்களை இறக்கி, போனது.

பிறகு மூலையில் நின்ற தாவாவின் மாதிரியைத் தூக்கிக்கொண்டு வந்து எனக்கு முன்னால் வைத்தார்.

“இருங்கள்” என்றார்.

இருந்தேன். முதுகை முழுக்கச் சாய்த்து, பாதம் இரண்டும் தரையில் பட.

“இதில் என்ன பிழை? ஏன்?”

சொன்னேன். ஒவ்வொன்றாகச் சொன்னேன். விளிம்பு ஏன் தாழ வேண்டும் என்று முதலில் சொன்னதையே மறுபடி சொன்னேன். கால் சரிவைச் சொன்னேன். கைப்பிடி இரண்டும் இன்னும் நெருக்கமாக வந்தால்தான் எழும்பும்போது ஊன்றலாம் என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. கத்தினார். பென்சிலை எறிந்தார். நானும் கத்தினேன். கீழே கடைக்காரன் படியேறி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். அந்த மலைப் பள்ளிக்கூடத்தின் கூரையைக்கூட நடுவில் கேட்டுவிட்டேன். பேப்பரில் கீறிக் காட்டினார், அதிலும் இரண்டு பேருக்கும் சண்டை வந்தது. மதியச் சாப்பாடு மறந்துபோனது.

வெளியே வெளிச்சம் மங்கிய நேரத்தில் கைப்பிடியை நெருக்கி வரைந்து முடித்தேன். கவெத்தி மைப்பேனையை எடுத்து நீட்டினார்.

“நீங்களே எழுதுங்கள், சிஞ்ஞோரா. மேலே.”

சுரண்டின இடம் கொஞ்சம் கரடுமுரடாக இருந்தது. அதன்மேலேயே எழுதினேன். கதிரையின் பெயர் தாவாவாகவே இருக்கட்டும் என்றும் நான்தான் சொன்னேன்.

அந்தக் கதிரை பெரிய புகழ் பெறவில்லை. கம்பெனிக்காரர் கொஞ்சக் காலம் செய்துவிட்டு நிறுத்திவிட்டார்கள். கவெத்தியும் அதிக நாள் இருக்கவில்லை. இன்றைக்கும் இந்த நகரத்தில் ஏதாவது பழைய வைத்தியரின் காத்திருப்பு அறையில் முன்விளிம்பு தாழ்ந்த, கைப்பிடி நெருங்கிய ஒரு கதிரையைக் கண்டால் இருந்து பாருங்கள். எழும்புவது சுகமாக இருந்தால் அது என்னுடையது.

புட்டு

அன்றைக்கு வீட்டுக்கு வந்து புட்டு அவித்தேன். மீன்குழம்பு இருந்தது. தவராசா வேலை முடிந்து வந்து, கைகால் கழுவி, சாப்பிட இருந்தார்.

“பேர் கண்டனீரே?” என்றார் சிரித்துக்கொண்டு.

“கண்டன். சுரண்டிப் போட்டன்.”

கையில் எடுத்த புட்டு அப்படியே நின்றது. நடந்ததெல்லாவற்றையும் சொன்னேன். கவெத்தி என்னைக் கதிரையில் இருத்தியதையும், என்ன பிழை, ஏன் என்று கேட்டதையும், பின்னேரம்வரைக்கும் இரண்டு பேரும் சண்டை பிடித்ததையும், பென்சில் பறந்ததையும் சொன்னேன். பள்ளிக்கூடத்தின் கூரையையும் விளக்கினேன்.

அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. பீங்கானைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“காலமையிலை இருந்து பின்னேரம்வரைக்குமோ?”

“ஓம்.”

“உம்மோடை கத்தினவரோ?”

“தொண்டை கட்டுற அளவுக்கு.”

கையிலிருந்த புட்டைப் பீங்கானில் திரும்ப வைத்தார். பிறகு மெல்லச் சொன்னார்.

“என்னட்டை அந்தாள் ஒரு நாளும் ஏனெண்டு கேட்டதில்லை, மங்களா. இருத்திப் பாக்கும், சிரிக்கும், கோப்பி தரும். நான் என்ன நினைக்கிறன் எண்டு ஒருக்காலும் கேக்கேல்லை.”

அவருடைய முகத்தைப் பார்த்தேன். மாதக்கணக்காக நான் கண்ணாடியில் பார்த்துவந்த முகம் அது.

“இன்னும் கொஞ்சம் புட்டு வைக்கட்டோ?” என்று கேட்டேன்.

“வேண்டாம்” என்றார்.

கலியாணம் கட்டின நாளிலிருந்து அவர் புட்டை வேண்டாம் என்றது அன்றைக்குத்தான். நான் அவருடைய பங்கையும் என் பீங்கானில் போட்டு, குழம்பு விட்டுக் குழைத்து, ஆறுதலாகச் சாப்பிட்டேன்.